காம்பாக்ட் கேமராவில் பின்னணி மங்கல்: துளையின் அளவும் தூரத்தின் கணக்கும்

கைக்கு அடக்கமான டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் சீக்கிரமே ஓர் ஏமாற்றத்துக்கு வந்து சேர்கிறார்கள். கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் பளிச்சென்று நிற்கும். பின்னால் இருக்கும் தோரணமும் கூட்டமும் விளக்குகளும் வெறும் வண்ணங்களாகக் கரைந்துபோயிருக்கும். அதே ஆசையோடு வீட்டில் அத்தையை நிற்கவைத்து எடுத்தால் அத்தையும் தெரிகிறார், பின்சுவரில் தொங்கும் காலண்டரில் இன்றைய தேதியும் தெரிகிறது. கடையில் கேட்டால், "சென்சார் சின்னது சார், இதுல வராது, டிஎஸ்எல்ஆர் வாங்கிடுங்க" என்று பதில் வரும். சென்சார் என்பது கேமராவுக்குள் படம் பதியும் சில்லு; டிஎஸ்எல்ஆர் என்பது லென்ஸை மாற்றிப் போடக்கூடிய பெரிய கேமரா.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால், கையிலிருக்கும் கேமராவால் முடிகிற காரியத்தைக்கூடப் பலர் செய்துபார்ப்பதில்லை. சில ஆண்டுகளாகப் பழைய காம்பாக்ட் கேமராக்களை இளைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்; அலமாரியில் கிடந்தவை மறுபடி வெளியே வருகின்றன. இந்த நேரத்தில் பின்னணி மங்கலின் கணக்கை அடியிலிருந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இரண்டு வகுத்தல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான் கணக்கு. அது பிடிபட்டுவிட்டால் எந்த இடத்தில் எவ்வளவு மங்கல் கிடைக்கும் என்பது பட்டனை அழுத்தும் முன்பே தெரிந்துவிடும்.

மங்கல் எப்படி உண்டாகிறது

லென்ஸுக்குள் ஒளி நுழைய ஒரு துளை இருக்கிறது. அப்பர்ச்சர் என்று சொல்வது அதைத்தான். அத்தையின் மூக்குத்தியில் ஃபோகஸ் செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மூக்குத்தியின் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி, துளையின் முழு அகலத்துக்கும் விரிந்து லென்ஸுக்குள் நுழைந்து, சென்சாரில் மறுபடி ஒரே புள்ளியாகக் கூடுகிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். துளையின் விளிம்பிலிருந்து மூக்குத்தியை நோக்கிக் கோடுகள் இழுத்தால் ஒரு கூம்பு கிடைக்கும். அதன் கூர்முனை மூக்குத்தியில் இருக்கும். கோடுகளை அங்கே நிறுத்தாமல் பின்னால் நீட்டினால் கூம்பு மறுபடி விரியத் தொடங்கும். பின்சுவரைத் தொடும் இடத்தில் அது எவ்வளவு அகலம் விரிந்திருக்கிறதோ, அந்த அகலத்துக்குள் அடங்கும் விவரங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதுதான் மங்கல். சுவரில் கூம்பின் அகலம் 2 மி.மீ. என்றால் காலண்டரின் பெரிய தேதி எண் தப்பித்துவிடும். 5 செ.மீ. என்றால் காலண்டர் முழுவதும் ஒரு வண்ணத் திட்டாகிவிடும்.

அந்த அகலத்தைக் கண்டுபிடிப்பது எளிது. துளையின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளிலிருந்து பின்னணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். கேமராவிலிருந்து ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ அதனால் வகுத்துவிடுங்கள். ஆள் 3 மீட்டரில் இருக்கிறார், பின்னணி அவருக்குப் பின்னால் இன்னொரு 3 மீட்டரில் இருக்கிறது என்றால், அங்கே கூம்பின் அகலமும் துளையின் அகலமும் சமம். இந்தக் கணக்கில் சென்சார் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். சென்சாருக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் அது சுற்றுவழியாக வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

துளையின் விட்டத்தை அறிய லென்ஸைச் சுற்றி எழுதியிருக்கும் எண்களே போதும். 2017-இல் வந்த கேனான் ஐக்ஸஸ் 185-ஐ எடுத்துக்கொள்வோம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய, எளிய வகைக் கேமரா அது. அதன் லென்ஸின் குவியத் தொலைவு (ஃபோக்கல் லென்த்; ஜூம் செய்யச் செய்ய இது கூடும்) 5 முதல் 40 மி.மீ. வரை, எஃப் எண் 3.2 முதல் 6.9 வரை. குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் வந்துவிடும். ஜூம் செய்யாதபோது 5-ஐ 3.2-ஆல் வகுக்க, சுமார் 1.6 மி.மீ. முழுக்க ஜூம் செய்தால் 40-ஐ 6.9-ஆல் வகுக்க, 5.8 மி.மீ. கடுகளவு இருந்த துளை மிளகளவு ஆகிறது.

பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். எஃப் எண் சிறியதாக இருந்தால் பிளர் அதிகம் என்று எங்கோ படித்திருப்பார்கள். ஜூம் செய்தால் எண் 3.2-இலிருந்து 6.9-க்கு ஏறுகிறது, ஆகவே ஜூம் செய்யக் கூடாது என்று முடிவுகட்டி, ஜூம் செய்யாத அகல முனையிலேயே எடுத்துக்கொண்டிருப்பார்கள். எஃப் எண் ஒரு விகிதம். சென்சாரில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதை அறிய அந்த விகிதம் உதவும். மங்கலுக்கு மில்லிமீட்டரில் துளை எவ்வளவு அகலம் என்பதே கணக்கு. ஐக்ஸஸில் எஃப் எண் இரண்டு மடங்குக்கு மேல் ஏறினாலும் குவியத் தொலைவு எட்டு மடங்கு கூடுகிறது. அதனால் துளை கிட்டத்தட்ட நான்கு மடங்கு பெரிதாகிவிடுகிறது. டிஜிட்டல் ஜூமில் இந்த லாபம் கிடையாது. அங்கே லென்ஸ் அசைவதில்லை, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறார்கள், துளை அப்படியே இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள். டிஎஸ்எல்ஆரில் பலர் முதலில் வாங்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸின் துளை 28 மி.மீ. கல்யாணப் போட்டோகிராபர்கள் கையில் அடிக்கடி காணும் 85 மி.மீ. எஃப்/1.8-இன் துளை 47 மி.மீ. போன்களின் முதன்மைக் கேமராவில் பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. வரை.

சென்சார் எங்கே வருகிறது என்றால், எவ்வளவு குட்டையான லென்ஸ் போதும் என்பதை முடிவுசெய்யும் இடத்தில். ஐக்ஸஸ் போன்ற கேமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்சாரின் அகலம் ஏறத்தாழ 6.2 மி.மீ., உயரம் 4.6 மி.மீ. பழைய 35 மி.மீ. ஃபிலிம் படத்தின் அளவே கொண்ட ஃபுல் ஃபிரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ. பெரிய சென்சாரில் 28 மி.மீ. லென்ஸ் தரும் காட்சியைச் சின்ன சென்சாரில் 5 மி.மீ. லென்ஸே தந்துவிடும். அத்தனை குட்டையான லென்ஸில் எஃப்/1.8 வரை திறந்தாலும் துளை 2.8 மி.மீ.யைத் தாண்டாது. சின்ன சென்சார், அதனால் குட்டை லென்ஸ், அதனால் சிறிய துளை. கடைக்காரர் சொன்ன பாதி உண்மை இது.

ஃபிலிம் காலத்துச் சட்டைப்பை கேமராக்களுக்கு இந்தக் குறை இல்லை. 1997-இல் வந்த ஒலிம்பஸ் மியூ-2 இன்றும் பலர் விரும்பித் தேடும் கேமரா. அதில் 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இருந்தது. முழுக்கத் திறந்தால் துளை 12.5 மி.மீ. ஐக்ஸஸின் அகல முனையோடு ஒப்பிட்டால் எட்டு மடங்கு. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தபோது, கேமராவின் வெளி உருவம் ஏறத்தாழ அப்படியே இருக்க, உள்ளே படம் விழும் பரப்பு பல மடங்கு சுருங்கிவிட்டது. அந்தக் காலத்து வீட்டு ஆல்பங்களில் முகத்துக்குப் பின்னால் இருந்த இதமான மென்மை, அடுத்த தலைமுறைப் படங்களில் காணாமல் போனதற்கு இதுவே காரணம்.

இழப்பு மட்டும் இல்லை, அதற்கு ஈடாக ஒன்று கிடைத்தது. ஐக்ஸஸின் அகல முனையில் சுமார் 1.4 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால், 70 செ.மீ. முதல் தொடுவானம் வரை எல்லாமே ஷார்ப்பாக வரும். வரிசை வரிசையாக நிற்கும் குடும்பப் படத்தில் யாருடைய முகமும் மங்கிப்போகாது. யார் கையில் கொடுத்தாலும் தெளிவான படம் வர வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. பின்னணி மங்க வேண்டும் என்று அதனிடம் கேட்கிறோம் என்றால், அது மிக நன்றாகச் செய்யும் வேலைக்கு எதிர்த்திசையில் இழுக்கிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

தூரம் என்ற மலிவான லென்ஸ்

துளையை மாற்ற முடியாது. தூரங்களை மாற்றலாம், அதற்குச் செலவும் இல்லை. ஐக்ஸஸை முழுக்க ஜூம் செய்து, செங்குத்தாகப் பிடித்து, 3 மீட்டர் தள்ளி நின்றால் தலையும் மார்பும் அடங்கும் படம் கிடைக்கும். அத்தை சுவரிலிருந்து 1 மீட்டர் முன்னால் நிற்கிறார். 5.8-ஐ 1-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க, சுவரில் மங்கலின் அகலம் 1.9 மி.மீ. காலண்டர் தேதி தெரியத்தான் செய்யும். இப்போது அவரைத் தெருவாசலுக்கு அழைத்து வந்து, அவருக்குப் பின்னால் 27 மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம் இருக்கும்படி நிற்கவையுங்கள். கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் அதே 3 மீட்டர். 5.8-ஐ 27-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 52 மி.மீ. வேப்பிலை ஒவ்வொன்றும் கரைந்து, மரம் பச்சை மேகமாகிவிடும். கேமராவில் எதையும் தொடவில்லை. மங்கல் மட்டும் 27 மடங்கு கூடியிருக்கிறது.

இந்த ஒன்றை மட்டும் வாசகர் எடுத்துக்கொண்டாலும் எனக்கு நிறைவுதான்: ஆளைச் சுவரை ஒட்டி நிறுத்தாதீர்கள். நம் வீடுகளில் போட்டோ என்றதும் எல்லோரும் போய்ச் சுவரில் சாய்ந்துகொள்கிறார்கள். எத்தனை விலை உயர்ந்த கேமராவாலும் முதுகை ஒட்டிய சுவரை மங்கவைக்க முடியாது. நீண்ட தாழ்வாரம், நேராகப் போகும் தெரு, மொட்டை மாடியிலிருந்து தெரியும் ஊர், வயல்வெளி, கடற்கரை போன்ற இடங்களில்தான் சின்னக் கேமராவின் சின்னத் துளைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கிறது. ஏரிக்கரையில் நிற்பவரைக் கொஞ்சம் தாழ்வாகக் குந்தி எடுத்தால், காலடியில் இருக்கும் தரைக்குப் பதிலாக அக்கரை பின்னணியாகிவிடும். கேமரா உயரத்தை மாற்றுவதும் பின்னணியின் தூரத்தை மாற்றுவதுதான்.

அருகில் போய் ஜூம் இல்லாமல் எடுப்பதா, தள்ளி நின்று ஜூம் செய்வதா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். முகம் படத்தில் ஒரே அளவாக இருக்கும்படி, படத்தின் நீளப் பக்கத்தில் 60 செ.மீ. காட்சி அடங்குமாறு இரண்டு விதமாகவும் எடுப்பதாகக் கொள்வோம். அகல முனையில் சுமார் அரை மீட்டர் நெருங்க வேண்டும். முழு ஜூமில் 3.9 மீட்டர் விலக வேண்டும். பின்னணி ஆளுக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், 1,000 பிக்சல் உயரப் படத்தில் மங்கலின் அகலம் இரண்டிலும் 2 பிக்சல்தான் (பின்னணியில் கூம்பு விரியும் அகலம், அங்கே படத்துக்குள் அடங்கும் காட்சியில் எத்தனை பங்கு என்று பார்த்தால் பிக்சல் கணக்கு வந்துவிடும்). வித்தியாசமே தெரியாது. பின்னணி 10 மீட்டர் பின்னால் போய்விட்டால் அகல முனையில் இரண்டரை பிக்சல், ஜூமில் 7 பிக்சல். ஆகவே பின்னால் ஆழம் இருக்கும் இடத்தில் ஜூம்தான் ஜெயிக்கும். அரை மீட்டரிலிருந்து அகல முனையில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கி முகம் விகாரப்படும் என்பது தனிக் கணக்கு. ஜூமுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பார்வைக் கோணம் ஒடுங்கிவிடுவதால் பின்னணியில் ஒரு சிறு துண்டு மட்டுமே படத்துக்குள் வரும். அந்தத் துண்டை நாம் தேர்ந்தெடுக்கலாம். ஓரடி நகர்ந்தால் மின்கம்பம் வெளியே போய்விடும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய எண்ணும் இருக்கிறது. இதே காட்சியை ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸால் எடுத்தால் மங்கல் சுமார் 70 பிக்சல் அகலம் வரும். ஐக்ஸஸின் 7 எங்கே, இந்த 70 எங்கே. மார்பளவு முகப்படத்தில் பத்து மடங்கு இடைவெளியை எந்த உத்தியாலும் நிரப்ப முடியாது. பின்னணி மென்மையாகும், முகம் பிரிந்து நிற்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பூவும் கம்பி வலையும்

சிறிய பொருளுக்கு வந்தால் கதை மாறுகிறது. பல காம்பாக்ட் கேமராக்கள் மேக்ரோவில், ஜூம் செய்யாத நிலையில், சில சென்டிமீட்டர் வரை நெருங்கி ஃபோகஸ் செய்யும். ஒரு தும்பைப் பூவை 5 செ.மீ. தூரத்திலிருந்து எடுக்கிறோம், பின்னால் செடிகள் 1 மீட்டரில் இருக்கின்றன என்று வையுங்கள். துளை வெறும் 1.6 மி.மீ.தான். ஆனால் பின்னணி, பூ இருக்கும் தூரத்தைப் போல இருபது மடங்கு தள்ளி இருக்கிறது. 1.6-ஐ 20-ஆல் பெருக்கினால் 3 செ.மீ.க்கு மேல். அந்த அளவுக்குக் குறைந்த இலையும் தண்டும் எல்லாம் கரைந்துவிடும். படத்தில் மங்கலின் அகலம் 1,000-க்கு 24 பிக்சல். முகப்படத்தில் கிடைத்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். இதே கேமராவில், இதே கடுகளவுத் துளையில்.

இதில் சங்கடம், 5 செ.மீ. நெருங்கும்போது கேமராவின் நிழல் பூவின் மேல் விழும். பூச்சி என்றால் பறந்தே போய்விடும். அப்போது ஜூமின் பக்கம் போகலாம். முழு ஜூமில் பெரும்பாலான கேமராக்கள் ஒரு மீட்டருக்கும் மேல் விலகச் சொல்லும். உங்களுடையது ஒன்றேகால் மீட்டர் வரை நெருங்குமென்றால், பின்னணி 5 மீட்டர் தள்ளி இருக்கும்போது கிட்டத்தட்ட அதே 24 பிக்சல் மங்கல் கிடைக்கும். குச்சி நுனியில் உட்கார்ந்திருக்கும் தட்டானுக்கு இந்த வழி. செம்பருத்தி, தட்டில் வைத்த பலகாரம், கொலு பொம்மை, குழந்தையின் கையிலிருக்கும் பொம்மை போன்றவற்றுக்கு மேக்ரோ. சின்னக் கேமராக்காரர்கள் பின்னணி மங்கலைப் பழக வேண்டிய முதல் பள்ளிக்கூடம் உள்ளங்கை அளவுப் பொருள்கள் என்பது என் உறுதியான கருத்து. வெற்றி உடனே கண்ணுக்குத் தெரியும். தூரங்களின் விகிதம் கைக்குப் பழகிவிடும்.

மங்கலைப் பின்னால் மட்டும் தேட வேண்டியதும் இல்லை. ஃபோகஸுக்கு முன்னால் இருப்பதும் மங்கும், அதுவும் மிகக் கடுமையாக. 3 மீட்டரில் இருக்கும் முகத்தை முழு ஜூமில் எடுக்கும்போது, லென்ஸிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் படத்தின் ஓரமாக ஓர் இலை வந்தால், முகம் இருக்கும் இடத்தில் அதன் விளிம்பு 34 செ.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். படத்தின் ஒரு பக்கம் பச்சைப் பனி படர்ந்ததுபோல் இருக்கும். 5.8 மி.மீ. துளைக்கே இத்தனை வலு. முதலில் முகத்தில் ஃபோகஸ் செய்து பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு இலையைப் பார்வைக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் கேமரா இலையைப் பிடித்துக்கொள்ளும்.

உயிரியல் பூங்காவில் கம்பி வலை மறைந்துபோவதும் இதே காரணத்தால்தான். வலைக் கம்பி 2 மி.மீ. தடிமன், துளை 5.8 மி.மீ. லென்ஸை வலையை ஒட்டி வைத்து, ஜூம் செய்து, தள்ளி இருக்கும் புலியின் மேல் ஃபோகஸ் செய்தால், கம்பியின் இரு பக்கமும் ஒளி துளைக்குள் நுழைந்துவிடும். கம்பி படத்தில் இருக்காது, மிஞ்சினால் லேசான மங்கலடிப்பு தெரியும். ஜூம் செய்யாமல் அதையே முயன்றால் 1.6 மி.மீ. துளையைவிடக் கம்பி தடிமனாகிவிடுகிறது. படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். வெயில் படும் கம்பி வெள்ளையாகப் பரவி மொத்தப் படத்தையும் வெளுக்கும் என்பதால், நிழல் விழுந்திருக்கும் பகுதியைத் தேடுங்கள், அல்லது கையால் அந்த இடத்துக்கு நிழல் கொடுங்கள்.

கேமராவின் அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எளிய காம்பாக்டுகள் பலவற்றில் துளையைச் சுருக்கும் இதழ்களே கிடையாது. வெளிச்சம் மிகுந்தால் ஒரு சாம்பல் வடிகட்டி உள்ளே இறங்கும், துளை திறந்தபடியே இருக்கும். ஆகவே அப்பர்ச்சர் மோடு இல்லையே என்று அவற்றை வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டாம். அந்த மோடு இருக்கும் கேமராவில் எஃப் எண்ணை அது அனுமதிக்கும் மிகச் சிறிய எண்ணில் வைத்துவிடுங்கள். போர்ட்ரெய்ட் சீன் மோடு துளையைப் பெரிதாக்கிவிடாது. முகத்தைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் நடுப்புள்ளி ஃபோகஸையும் பயன்படுத்துங்கள். பல புள்ளிகளைத் தானே தேர்ந்தெடுக்க விட்டால், கேமரா பின்சுவரைப் பிடித்துக்கொண்டு ஆளை மங்கவைத்த படங்கள் நிறைய வரும்.

பெரிய துளையுள்ள சிறிய கேமராக்கள்

2012-இல் சோனி ஆர்எக்ஸ்100 வந்தபோது இந்தக் கணக்கில் ஒரு திருப்பம் நேர்ந்தது. சட்டைப்பை அளவில் 1 அங்குல சென்சார். அந்த அங்குலத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். சென்சாரின் உண்மையான அகலம் 13.2 மி.மீ., உயரம் 8.8 மி.மீ. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொல்லும் வழக்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்எக்ஸ்100-இன் லென்ஸ் 10.4 முதல் 37.1 மி.மீ. வரை, எஃப் எண் 1.8 முதல் 4.9 வரை. எஃப்/1.8 என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் பலர். வகுத்துப் பார்த்தால் அகல முனையில் 5.8 மி.மீ., ஜூமில் 7.6 மி.மீ. ஐக்ஸஸைவிட மேல், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. 2014-இல் வந்த கேனான் ஜி7 எக்ஸில் அதே அளவு சென்சார். ஜூம் முனை 36.8 மி.மீ., அங்கேயும் எஃப் எண் 2.8-தான். துளை 13.1 மி.மீ.

13.1 என்ற எண்ணை இன்னொன்றோடு வைத்துப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரோடு பெட்டியில் வரும் 18-55 லென்ஸ், 55 மி.மீ.யில் எஃப்/5.6. துளை 9.8 மி.மீ. நாம் மேலே கண்ட 60 செ.மீ. முகப்படத்தில், பின்னணி 10 மீட்டர் பின்னால் இருக்கும்போது, கிட் லென்ஸோடு டிஎஸ்எல்ஆர் தருவது சுமார் 14 பிக்சல், ஜி7 எக்ஸ் தருவது 19 பிக்சல். பின்னணி மங்கலுக்காகவே டிஎஸ்எல்ஆர் வாங்கி, பெட்டியில் வந்த லென்ஸை மாற்றாமலே வைத்திருப்பவர்கள், பையில் போடும் கேமராவைவிடக் குறைவான மங்கலோடு நின்றுவிடுகிறார்கள்.

விளம்பரங்களில் இந்தத் தெளிவு கிடைப்பதில்லை. லென்ஸின் குவியத் தொலைவை ஃபுல் ஃபிரேமுக்கு இணையாக மாற்றி 24-100 மி.மீ. என்று எழுதுவார்கள். எஃப் எண்ணை மட்டும் மாற்றாமல் எஃப்/1.8-2.8 என்று விட்டுவிடுவார்கள். மங்கலைப் பொறுத்தவரை 1 அங்குல சென்சாரில் எஃப் எண்ணை 2.7-ஆலும், 1/2.3 அங்குலத்தில் 5.6-ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். 100 மி.மீ. எஃப்/7.6 என்பதே ஜி7 எக்ஸின் உண்மையான ஜூம் முனை. ஒன்றை மாற்றி மற்றொன்றை மாற்றாமல் எழுதுவது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் பழக்கம். இத்தனை ஆண்டுகளாகியும் அது மாறவில்லை என்பது வருத்தம்தான்.

பெரிய துளைக்கு ஒரு பகல்நேரத் தொல்லையும் உண்டு. உச்சி வெயிலில் எஃப்/1.8-இல் எடுக்க 1/10000 நொடி அளவுக்கு வேகமான ஷட்டர் தேவைப்படும். 1/2000 நொடியோடு நின்றுவிடும் கேமராவில் ஒன்று படம் வெளுக்கும், அல்லது கேமரா தானாகத் துளையைச் சுருக்கிவிடும். ஜி7 எக்ஸிலும், ஆர்எக்ஸ்100-இன் மூன்றாம் மாடலிலும் இதற்காகவே உள்ளே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி வடிகட்டி இருக்கிறது. மெனுவில் அதைத் தேடி ஆன் செய்துகொள்ளுங்கள்.

சென்சாரைவிடத் துளையே முக்கியம் என்பதற்குச் சிறந்த சாட்சி நிக்கான் பி900. 2015-இல் வந்த, 83 மடங்கு ஜூம் கொண்ட கேமரா. சட்டைப்பையில் அடங்காது. ஆனால் உள்ளே இருப்பது ஐக்ஸஸில் இருக்கும் அதே 1/2.3 அங்குல சென்சார்தான். அதன் ஜூம் முனை 357 மி.மீ., எஃப்/6.5. துளை 55 மி.மீ., அதாவது 85 மி.மீ. எஃப்/1.8-ஐயும் தாண்டிவிடுகிறது. வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று 20 மீட்டர் தள்ளிக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு இன்னொரு 20 மீட்டர் பின்னால் புதர். படத்தின் நீளப் பக்கத்தில் 35 செ.மீ. காட்சி அடங்கும், மங்கல் 1,000-க்கு 80 பிக்சல். புதரில் ஒரு இலைகூட அடையாளம் தெரியாது. ஏரிக்கரைகளில் இந்தக் கேமராவோடு அலையும் பறவை ஆர்வலர்களின் படங்களில் பின்னணி வழுவழுப்பாக இருப்பதன் காரணம் இதுதான். அதே கேமராவால் முழு ஜூமில் அத்தையின் முகப்படம் எடுக்க வேண்டுமென்றால் 35 மீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருக்கும். பேசவே முடியாது.

எவ்வளவு மங்கல் என்பது மட்டும் படத்தைத் தீர்மானிப்பதில்லை. வெயிலில் மினுங்கும் இலைகளும் அவற்றுக்கிடையே எட்டிப்பார்க்கும் வானமும் பின்னணியானால், 7 பிக்சல் மங்கல் அதை அடக்காது. இன்னும் கலவரமாகவே தோன்றும். அதே 7 பிக்சல், நிழலில் இருக்கும் ஒரே நிறச் சுவரையோ தோப்பின் உள்ளிருட்டையோ அமைதியாக்கிவிடும். சின்னக் கேமரா வைத்திருப்பவர்கள் மங்கலைவிட வெளிச்சத்தை அதிகம் நம்ப வேண்டும் என்று சொல்வேன். ஆள் வாசலில், முகத்தில் வெளிச்சம்; பின்னால் இருண்ட கூடம். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்தால் கூடத்திலிருக்கும் பொருள்கள் இருட்டில் முங்கிவிடும். மங்கவைக்க முடியாததை மறைத்துவிடலாம். மஞ்சள் சேலைக்குப் பின்னால் நீலக் கதவு வந்தாலும் முகம் தனித்து நிற்கும். இரவில் தெருவிளக்குகளை வட்ட வட்டமாக எடுக்க ஆசைப்படுவோருக்கு ஒரு குறிப்பு: காம்பாக்ட் லென்ஸ்களை ஒடுக்கமாகச் செய்ய வார்ப்பு முறையில் தயாரித்த வளைகண்ணாடிகளை நிறையப் பயன்படுத்துகிறார்கள். அதனால் அந்த ஒளிவட்டங்களுக்குள் வெங்காயத்தை வெட்டியதுபோல் மெல்லிய வளையங்கள் தெரியக்கூடும். கேமராவில் பழுது எதுவும் இல்லை.

மென்பொருள் மங்கல் கடைசியாக வருகிறது. போன்களில் இது பரவலாவதற்கு முன்பே காம்பாக்ட் தயாரிப்பாளர்கள் முயன்றார்கள்; 2011-இன் சோனி எச்எக்ஸ்9வி அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பின்னணியைத் தானே மங்கவைத்தது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணித்தது. 2017-இல் கூகுள் பிக்சல் 2 ஒரே லென்ஸைக் கொண்டே அதைச் செய்தது. முடியிழை, மூக்குக்கண்ணாடியின் விளிம்பு, கைக்கும் இடுப்புக்கும் நடுவில் தெரியும் சந்து ஆகிய இடங்களில் இவை இன்னமும் தடுமாறும்.

காம்பாக்டில் எடுத்த படத்தைக் கணினியில் மங்கவைக்க நினைத்தால் ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளே போதும். பெரும்பாலோர் ஆளை வெட்டியெடுத்து, மீதி முழுவதையும் ஒரே அளவில் மங்கவைக்கிறார்கள். ஆள் காற்றில் மிதப்பதுபோல் ஆகிவிடுகிறது. கூம்பின் கணக்கை நினைத்துக்கொண்டால் செய்ய வேண்டியது புரியும். பாதம் படும் தரை ஷார்ப்பாகவே இருக்க வேண்டும். அங்கிருந்து பின்னால் போகப் போகத் தரையின் மங்கல் படிப்படியாகக் கூட வேண்டும், எனவே எங்கே எவ்வளவு மங்க வேண்டும் என்று காட்டும் மறைப்பை (மாஸ்க்) ஒரே நிறத்தில் போடாமல், கீழிருந்து மேலாகப் படிப்படியாக மாறும்படி போடுங்கள். ஆளை ஒட்டி நிற்கும் தூணும் ஆளோடு சேர்ந்து தெளிவாக இருக்கட்டும். ஆளைத் தனி அடுக்கில் எடுத்துவைத்து, அவர் இருந்த இடத்தைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிட்டுப் பிறகு மங்கவையுங்கள். அந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டால், சேலையின் நிறம் பின்னணிக்குள் கசிந்து தோளைச் சுற்றி ஒளிவளையம்போல் நிற்கும்.